கருவுற்ற காலத்து இடுப்பு வலி: வாசகர் கேள்விகளும் இயன்முறை சிகிச்சையாளர் பதில்களும்

சென்ற இதழில் கழுத்து வலியைப் பற்றி எழுதியபோது, கருவுற்ற பெண்களுக்கு வரும் இடுப்பு வலியை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போனேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதி முழுவதையும் நிரப்பிவிட்டன. எழுதியவர்களில் பலர், "இதையெல்லாம் கேட்கலாமா என்று தெரியவில்லை" என்று தயங்கித் தொடங்கியிருந்தார்கள். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு இது இரண்டாவது பிள்ளை. இப்போது 26 வாரம். முதல் பிள்ளையைச் சுமந்தபோது இப்படி இல்லை. இரவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பினால் தொடைகளுக்கு நடுவே எலும்பைப் பிளப்பது போல வலிக்கிறது. படியேறும்போது 'டக்'கென்று ஒரு சத்தமும் கேட்கிறது. "இடுப்பெலும்பு விரிகிறது, அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்கிறார் மாமியார். கிளினிக்கில் தாதியிடம் சொன்னேன். அவரும் பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லையா? இதனால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? – வாசகி, செந்தூல்

பதில்: பிள்ளைக்கு எதுவும் ஆகாது. இந்த வலி உங்கள் எலும்பு மூட்டுகளிலும் தசைகளிலும் இருக்கிறதே தவிர, கருப்பையில் இல்லை. அந்த அச்சத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. பின்புறம், முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்போடு இரண்டு இடுப்பெலும்புகளும் இரு பக்கமும் சேர்கின்றன; முன்புறம், அடிவயிற்றுக்குக் கீழே, அந்த இரண்டும் ஒரு குருத்தெலும்பால் இணைகின்றன. முன்புற இணைப்பில் சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கருவுற்ற காலத்தில் அது இன்னும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் விரிவது இயல்பு. ஆனால் இந்த விரிவு கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் ஏற்படுகிறது. வலியோ எல்லாருக்கும் வருவதில்லை. ஆகவே விரிவது மட்டுமே வலிக்குக் காரணமாக இருக்க முடியாது. மூட்டுகளைத் தளர்த்தும் ரிலாக்சின் என்ற சுரப்பின் மீதுதான் பல காலம் பழி போடப்பட்டது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்த ஆய்வுகளில், அளவு கூடினால் வலியும் கூடும் என்பது தெளிவாக நிலைநிற்கவில்லை. வளையத்தின் மூன்று மூட்டுகளும் ஒன்றுக்கொன்று ஒத்து அசையாமல் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசைவதும், வயிறும் பிட்டமும் இடுப்பின் அடித்தளமும் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் பகுதி) சார்ந்த தசைகள் மாறிவிட்ட உடல் எடைக்கு ஏற்பத் தாங்கிப் பிடிக்கத் திணறுவதும் சேரும்போது வலி எழுகிறது என்பதே இன்று நாங்கள் எடுத்துக்கொள்ளும் விளக்கம். முன்பே முதுகு வலியோ இடுப்பில் அடிபட்ட அனுபவமோ இருந்தவர்களுக்கும், உடலை வருத்தும் வேலை செய்பவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. 2008-ஆம் ஆண்டு வெளியான ஐரோப்பிய வழிகாட்டி, கருவுற்ற பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த இடுப்பு வளைய வலி இருப்பதாகச் சொல்கிறது. நீங்கள் தனியாக இல்லை.

'டக்'கென்ற சத்தம் கேட்பதால் எலும்பு முறிவதாகவோ விலகுவதாகவோ பொருள் இல்லை. வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனி, இன்றிரவே நீங்கள் மாற்றிக்கொள்ளக்கூடியவை. இந்த வலியைக் கிளறுவது பெரும்பாலும் இரண்டு செயல்கள்: கால்களை அகட்டுவது, ஒரே காலில் எடையைப் போடுவது. திரும்பிப் படுக்கும்போது இரண்டு முழங்கால்களையும் மடக்கி, நடுவே ஒரு தலையணையை இறுகப் பிடித்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் உருளும்படி ஒரே கட்டையாகத் திரும்புங்கள். வழவழப்பான துணியில் தைத்த கைலியைக் கட்டிக்கொண்டு படுத்தால் உடல் மெத்தையில் சிக்காமல் சறுக்கும். சின்ன உபாயம்தான், ஆனால் என்னிடம் வரும் பெண்கள் மறுவாரம் வந்து நன்றி சொல்வது பெரும்பாலும் இதற்காகத்தான். படுக்கையிலிருந்து எழும்போதும் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கால்களையும் சேர்த்தே கீழே இறக்கி, கையை ஊன்றி எழுந்திருங்கள். பேண்டோ உள்பாவாடையோ அணியும்போது ஒரு காலில் நிற்காமல் கட்டிலில் உட்கார்ந்து அணியுங்கள். காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்புங்கள். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் எளிதாகச் சுழலலாம். படியில் ஒரு நேரத்தில் ஒரு படிதான்: ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். மூத்த பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைச் சில மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். அவன் உங்கள் அருகில் வந்து உட்காரட்டும். தரையில் சம்மணமிட்டு உட்காருவதும், குந்தி உட்கார்ந்து காய் நறுக்குவதும், கனமான தள்ளுவண்டியை நிரப்பித் தள்ளுவதும் இப்போது உங்களுக்கு ஆகாதவை.

இவ்வளவும் செய்தாலும் இயன்முறை சிகிச்சையாளரை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அவர் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்வார். கால் கல்லாகக் கனத்தால், இடுப்பின் இரு பக்கத்தையும் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி உயர்த்தச் சொல்வார். அப்போது கால் இலேசாகிவிட்டால், இடுப்புப் பட்டையும் அடிவயிற்றுத் தசைப் பயிற்சியும் உங்களுக்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு கற்றுத்தரும் பயிற்சிகள் பார்வைக்கு மிக எளியவை: முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து மெல்ல அழுத்துதல், கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்தல், மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுத்தல், பிட்டத் தசையை இறுக்கித் தளர்த்தல். எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பது உங்கள் உடலைப் பார்த்தபின் சொல்ல வேண்டியது என்பதால் இங்கே அளவு எழுதவில்லை.

அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள்: "எனக்கு இடுப்பு வலியால் நடக்கவும் தூங்கவும் முடியவில்லை, பிசியோதெரபிக்குக் கடிதம் வேண்டும்." அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போக அந்தக் கடிதம் தேவைப்படும். கிளினிக்கில் கருவுற்ற தாய்மாருக்குத் தரும் பதிவேடான உங்கள் பிங்க் புத்தகத்திலும் வலியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்தபின் பெரும்பாலோருக்கு இது தணிந்துவிடும் என்று அந்தத் தாதி சொன்னது சரிதான். ஆனால் உங்களுக்கு இன்னும் 14 வாரங்கள் இருக்கின்றன. கருவுற்றிருக்கும்போது வலி கடுமையாக இருந்தவர்களுக்கே அது பேற்றுக்குப் பின்னும் நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், பொறுத்துக்கொள்ளச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். 12 மணி நேர ஷிப்ட், பெரும்பாலும் நின்றபடியே வேலை. 30 வாரம் ஆகிறது. வலது பிட்டத்தில் தொடங்கித் தொடை வரைக்கும் இழுக்கிறது. தோழிகள் பெல்ட் போடச் சொல்கிறார்கள், பிளாஸ்டர் ஒட்டிக்கொள்கிறேன். வலி மாத்திரை போடலாமா? – வாசகி, பாயான் பாரு

பதில்: ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் இடுப்புப் பட்டைக் கோட்டுக்கு மேலே, முதுகின் நடுவில் நின்றால் அது கீழ்முதுகு வலி. இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்குக் கீழே, பிட்டத்தின் மேற்பகுதியில் இருக்கும் சிறு குழியில் நின்றால் அது பின்புற இடுப்பு மூட்டு வலி. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகைபோலத் தெரிகிறது. வலி முழங்காலுக்குக் கீழே பாதம் வரை இறங்கி, மரத்துப்போதலும் சேர்ந்தால்தான் நரம்பு அழுந்துகிறதோ என்று பார்க்க வேண்டும். அது கருவுற்றவர்களிடம் அரிது.

வேலையிடத்தில் எடையை இரண்டு கால்களிலும் சமமாகப் போட்டு நில்லுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது இளைப்பாறல்போலத் தோன்றினாலும் அதுதான் வலியைக் கூட்டுகிறது. அரை மணி நேரத்திற்கு ஒருமுறை ஓரிரு நிமிடங்களாவது உட்கார வழி வேண்டும். மருத்துவரிடம் கேட்டு, நெடுநேரம் நிற்கும் வேலையைத் தவிர்க்கும்படி ஒரு கடிதம் வாங்கி மேலாளரிடம் கொடுங்கள். 'லைட் டியூட்டி' கேட்பதைப் பலர் சலுகை கேட்பதாக நினைத்துக் கூசுகிறார்கள். கூச வேண்டாம், கடிதத்தில் இருப்பது மருத்துவக் காரணம்.

பெல்ட் போடலாம், ஆனால் வயிற்றின் மீது அல்ல. தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தின் உயரத்தில், வயிற்றுக்குக் கீழாக, அணைத்துப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். நிற்கும்போதும் நடக்கும்போதும் அணிந்து, உட்காரும்போதும் படுக்கும்போதும் கழற்றிவிடுங்கள். போட்டு வலி கூடினால் அது உங்களுக்கு உரியதல்ல. விடுமுறை நாளில் நீச்சல் குளம் கிடைத்தால் மார்பளவு நீரில் நடப்பது மிக நல்லது, ஏனெனில் நீர் எடையைத் தாங்கிக்கொள்ளும். தவளை போலக் கால்களை அகட்டி உதைக்கும் நீச்சலை மட்டும் தவிருங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, பாரசெட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவற்றை 20 வாரத்திற்குப் பிறகு மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடவே கூடாது. அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும், கருவின் பிந்தைய வாரங்களில் அதன் இதயத்துக்கு அருகில் உள்ள இரத்தக் குழாயையும் பாதிக்கக்கூடும். வலி பிளாஸ்டர்களிலும் தைலங்களிலும் பலவற்றில் இதே வகை மருந்தோ சாலிசிலேட்டோ இருக்கிறது; உங்களுடையதை மருந்தகத்தில் காட்டிக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதுகு வலி விட்டு விட்டு, அலை அலையாக, ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அது குறைமாதப் பேற்று வலியாக இருக்கலாம். இரத்தக் கசிவு, நீர் உடைதல், காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல், தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை, காலில் திடீர் பலவீனம் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 35 வாரம். இடுப்பு மூட்டு வலி கடுமையாக இருக்கிறது. இந்த நிலையில் சுகப்பிரசவம் ஆகாது, அறுவை சிகிச்சைதான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். – வாசகர், செராஸ்

பதில்: தம்பி, இந்த வலி ஒன்றை மட்டும் வைத்து அறுவை சிகிச்சை முடிவு செய்யப்படுவதில்லை. இயல்பான முறையிலேயே பிள்ளை பெறலாம். உங்கள் மனைவி படுத்தோ உட்கார்ந்தோ முழங்கால்களை வலி தொடங்கும் வரை மெல்ல விரிக்கட்டும். அந்த இடைவெளியை நீங்கள் அளவு நாடாவால் அளந்து பிங்க் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பேற்றறையில் அந்த அளவைத் தாண்டிக் கால்களை விரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே தாதியிடம் சொல்லுங்கள். முதுகில் எபிடூரல் மருந்து செலுத்தினால் அவருக்கு வலி தெரியாது என்பதால் அப்போது உங்கள் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. பக்கவாட்டில் படுத்தோ, கையும் முழங்காலும் ஊன்றியோ பெறுவது இடுப்புக்கு இதமானது. கால்களைத் தாங்கிகளில் வைக்க நேர்ந்தால் இரண்டையும் ஒன்றாக ஏற்றி ஒன்றாக இறக்க வேண்டும், தேவைக்கு மேல் அங்கே விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: என் மகள் மூன்று வாரத்துக்கு முன் சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பெற்றாள். நொச்சி, வேப்பிலை போட்ட வெந்நீர் ஊற்றி, எண்ணெய் தேய்த்து உருவி, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி, 40 நாளும் படுக்கையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பெங்குங் என்ற நீண்ட துணிக்கட்டைக் கட்டி, சுடுகல் ஒற்றடம் கொடுக்கச் சொல்கிறார். மருத்துவமனையில் பிசியோதெரபி கொடுத்த பெண்ணோ எழுந்து நட, உடற்பயிற்சி செய் என்று சொல்லி அனுப்பினார். யார் பேச்சைக் கேட்பது? – ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, நீங்கள் செய்வதில் மிகப் பெரிய பகுதியை நான் மனமார ஆதரிக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்காமல் சாப்பாடு கிடைப்பதும், இரவில் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு கை இருப்பதும், அவள் உடம்பை அன்போடு தொட்டுப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பதும் எந்தச் சிகிச்சையாலும் ஈடு செய்ய முடியாதவை. தனி வீட்டில், கணவரும் வேலைக்குப் போய்விட்ட நிலையில் இருக்கும் இளம் தாய்மார்களின் முதுகு வலி எவ்வளவு மெல்ல ஆறுகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

நான் மாற்றச் சொல்வது படுக்கையை மட்டும்தான். பேற்றுக்குப் பின் வரும் ஆறு வாரங்களில் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து சாதாரண நாட்களைவிடப் பல மடங்கு கூடுதல். அசையாமல் படுத்திருப்பதும் நீர் குடிக்காமல் இருப்பதும் அதை மேலும் கூட்டும். அந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது மலேசியாவில் தாய்மார் இறப்புக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஆகவே உங்கள் மகள் வீட்டுக்குள்ளேயே நாளுக்குப் பலமுறை நடக்கட்டும். படுத்திருக்கும்போதும் பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கட்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நீர் குறைந்தால் மலம் இறுகும், முக்க வேண்டி வரும், அப்போது தையல் போட்ட இடமும் இடுப்பின் அடித்தளத் தசையும் வருந்தும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி, ஆடுசதையில் வலித்தால் அதை உருவிவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஆம்புலன்சை அழையுங்கள்.

வயிற்றுக் கட்டைப் பற்றி: துணிக்கட்டும் பெங்குங்கும் தளர்ந்துபோன வயிற்றையும் இடுப்பையும் தாங்கிப் பிடிப்பதால் நடக்கும்போது இதமாக இருக்கும். பெங்குங்கை இடுப்பில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுவது நல்ல முறை. இடுப்பைச் சுற்றி விழும் சுற்றுகள் நாங்கள் கொடுக்கும் இடுப்புப் பட்டையின் வேலையையே செய்கின்றன. ஆனால் கட்டினால் வயிறு ஒட்டிவிடும் என்று எண்ணி மூச்சுத் திணற இறுக்குவதில் பயன் இல்லை, கேடு உண்டு. வயிற்றை இறுக்கினால் உள்ளே இருக்கும் அழுத்தம் எங்காவது போயாக வேண்டும்; அது கீழ்நோக்கி, பேற்றில் ஏற்கெனவே நொந்திருக்கும் அடித்தளத் தசைகளின் மீதுதான் விழுகிறது. துணிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும், ஆழமாக மூச்சு விட முடிய வேண்டும், தூங்கும்போது அவிழ்த்துவிட வேண்டும். பிறப்புறுப்பில் ஏதோ கீழிறங்குவதுபோல மகள் சொன்னால் கட்டைத் தளர்த்துங்கள்.

உருவுவதில் தோளும் முதுகும் தொடைகளும் தடையில்லாதவை. வயிற்றை அழுத்தி உருவ வேண்டாம். கருப்பை தானாகவே சுருங்கி இறங்கும். சுடுகல் ஒற்றடம் கொடுப்பதானால் கல்லைத் தடித்த துணியில் சுற்றி, முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முதுகிலும் இடுப்பிலும் வையுங்கள். மரத்துப்போன தோலின் மீதும், அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வடுவின் மீதும் வைக்கவே கூடாது, சுட்டுவிட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. வழக்கத்தையும் மருத்துவத்தையும் ஒரே கூரையின் கீழ் பெற விரும்பினால், உங்களுக்கு அருகிலேயே கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007-இல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது; அங்கே விசாரித்துப் பாருங்கள்.

அந்தப் பிசியோதெரபிப் பெண் சொன்ன பயிற்சி பளு தூக்குவதோ குதிப்பதோ அல்ல. படுத்தபடியே மூச்சை விட்டு அடிவயிற்றை உள்ளிழுப்பதும், அடித்தளத் தசைகளைச் சுருக்கி விடுவதும்தான். அதை நீங்கள் வெந்நீர் ஊற்றுவதற்கு முன் மகளோடு உட்கார்ந்து செய்ய வைத்தால், அவள் மறக்காமல் செய்வாள்.

கேள்வி: எனக்குச் சிசேரியன் நடந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. முதுகில் ஊசி போட்ட அன்று தொடங்கிய வலி இன்னும் போகவில்லை. ஊசி போட்டால் வாழ்நாள் முழுவதும் முதுகு வலி இருக்கும் என்கிறார்களே? – வாசகி, கெப்போங்

பதில்: இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரமே இல்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கலாம். ஆனால் நீடித்த முதுகு வலிக்கு அந்த ஊசி காரணமல்ல. எபிடூரல் போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நாளடைவில் இருவருக்கும் முதுகு வலி ஒரே அளவில்தான் இருந்தது. இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஊசிதான் காரணம் என்று நம்பிவிட்டவர்கள், முதுகு கெட்டுப்போய்விட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

உண்மையான காரணங்கள் உங்கள் அன்றாட நாளில் இருக்கின்றன. ஒன்பது மாதம் நீண்டு விரிந்த வயிற்றுத் தசை. அதன் மீது அறுவை சிகிச்சை. அதற்குப் பின் ஒரு நாளில் எட்டுப் பத்து முறை குனிந்து பால் கொடுத்தல். தாழ்வாகத் தொங்கும் சாரோங் தொட்டிலில் இருந்து வளைந்து பிள்ளையைத் தூக்குதல். தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டுதல். இது பழக்கப்பட்ட பாட்டிமார்களுக்கு எளிது, அறுவை சிகிச்சை செய்த உடம்புக்கு அல்ல. தொட்டிலின் உயரத்தைக் கூட்டிக் கட்டச் சொல்லுங்கள். மேசை மேல் தொட்டி வைத்துக் குளிப்பாட்டுங்கள். பால் கொடுக்கும்போது நீங்கள் பிள்ளையிடம் குனியாமல், மடியில் தலையணைகளை அடுக்கிப் பிள்ளையை உங்களிடம் உயர்த்துங்கள். முதுகுக்குப் பின்னால் சாய்வும் பாதங்களுக்குக் கீழே ஒரு சிறு பலகையும் இருக்கட்டும்.

பிறகு வயிற்றைப் பாருங்கள். மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேல் விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் சற்று உயர்த்தினால், நடுக்கோட்டில் ஒரு பள்ளம் தட்டுப்படலாம். கருவின் கடைசி வாரங்களில் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் வயிற்றின் இரு பக்கத் தசைகளும் இப்படி விலகுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் நெருங்கிவிடுகின்றன. இப்போதும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் அஞ்ச வேண்டாம், ஆனால் தனியாகப் பயிற்சி செய்யாமல் சிகிச்சையாளரோடு தொடங்குங்கள். குதிகாலைச் சறுக்கி நீட்டுதல், படுத்தபடி இடுப்பை உயர்த்துதல் என்று தொடங்கி, நாற்காலியிலிருந்து எழுதல், பிறகு எடை தூக்குதல் என்று படிப்படியாக அவர் உயர்த்துவார். தழும்பு நன்றாக ஆறியிருந்தால் அதை விரலால் மெல்ல அசைத்துத் தளர்த்தவும் கற்றுத்தருவார். இறுகிய தழும்பு முன்புறம் இழுக்க, முதுகு நிமிர முடியாமல் தவிப்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

2023 ஜனவரி 1 முதல் மலேசியத் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது நல்ல மாற்றம். ஆயினும் அந்த 98 நாளில் முதல் 40 நாள் பத்தியத்தில் போய்விடுகிறது. மிச்ச நாட்களில் ஒரு முறையாவது சிகிச்சையாளரைப் பார்த்துவிடுங்கள் என்று வேலைக்குத் திரும்பப் போகிற எல்லாத் தாய்மார்களையும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது என்றாலும், ஐந்தாம் மாதத்தில் தொடங்குவது தாமதம் அல்ல. தனியாரிடம் போவதானால் அவர் 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டமான துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்; கேட்பதில் தவறில்லை, பதிவு பெற்றவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

கேள்வி: பிள்ளை பிறந்து மூன்று மாதமாகிறது. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. – பெயர், ஊர் வேண்டாம்

பதில்: என்னிடம் சொன்னதற்கு நன்றி. இது உங்கள் குறை அல்ல, பேற்றில் நீண்டு தளர்ந்த தசையின் குறை. பயிற்சியால் பெரும்பாலோருக்கு நன்கு தேறும். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதியதிலிருந்து அவர் பெயராலேயே அந்தப் பயிற்சி வழங்குகிறது. காற்றுப் பிரிவதை அடக்குவது போலவும் சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்தசைகளை மேலே இழுத்து, சில விநாடி பிடித்து, முழுவதும் தளர்த்துங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் தொடருங்கள். தும்மல் வரும் என்று தெரிந்த கணமே தசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிறகு தும்முங்கள். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டாலோ, ஏதோ கீழிறங்குவதுபோல இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். மகனுக்கு இப்போது ஏழு மாதம். தைப்பூசத்திற்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஆனால் மூன்றாவது மாடியில் உள்ள என் வீட்டுக்கு ஏறினாலே வலது பின்னிடுப்பு வலிக்கிறது. கோயிலின் 513 படி ஏற முடியுமா? – வாசகி, ஆயிர் ஈத்தாம்

பதில்: நான்கு மாதம் போதுமான காலம். இப்போதே தொடங்கினால் ஏறுவீர்கள் என்றே நம்புகிறேன். ஏழு மாதமாகியும் வலி இருப்பதால் முதலில் ஒருமுறை சிகிச்சையாளரிடம் காட்டி, வலி எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் ஒரு மாடிக்கு ஏறக்குறைய 17 படி என்று கொண்டால், 513 படி என்பது 30 மாடி. இன்று உங்களுக்கு மூன்று மாடி வலிக்கிறது; ஆகவே இரண்டு மாடியிலிருந்து தொடங்குங்கள், மிச்சத்துக்கு லிப்டில் போங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒருநாள் ஏறுங்கள். ஏறும்போது இலேசாக வலிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். மறுநாள் காலையில் வலி முந்தைய நாளைவிடக் கூடியிருக்கிறதா என்பதே கணக்கு. கூடாவிட்டால் அடுத்த வாரம் ஓரிரு மாடிகளைச் சேருங்கள், கூடினால் அதே அளவில் இன்னொரு வாரம் நில்லுங்கள். படியேறாத நாட்களில் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கவும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல உட்காரவும் பழகுங்கள். படியேறுவது என்பது ஒற்றைக் காலில் மாறி மாறி எழுவதுதான். அந்த ஒற்றைக் கால் வலுப்பட்டால் இடுப்பு தானாக அமைதியாகும்.

குடத்தைத் தலையில் தாங்கிக் கைகளை உயர்த்தும்போது முதுகு பின்னோக்கி வளையும், வயிறு முன்னே தள்ளும். வலியைக் கிளறுவது படியைவிட இதுவாகத்தான் இருக்கும். கடைசி ஆறு வாரமாவது அதே அளவு குடத்தில் தண்ணீர் நிரப்பி, விலா எலும்பைக் கீழே இறக்கி வைத்தபடி வீட்டுக்குள் நடந்து பழகுங்கள். வெறுங்காலோடு நடப்பதும் பழக்கத்தில் வரட்டும்.

அன்று மகனை வேறு ஒருவர் தூக்கி வரட்டும். குடமும் பிள்ளையும் ஒரே உடம்பில் வேண்டாம். ஏறத் தொடங்கும் முன் அவனுக்குப் பால் கொடுத்துவிட்டு, நீங்களும் தண்ணீர் குடித்துவிடுங்கள். கூட்டத்தில் அசையாமல் நிற்கும் நேரம்தான் இடுப்பை அதிகம் வருத்தும், ஆகவே நிற்கும்போதெல்லாம் எடையைக் கால் மாற்றி, பிட்டத் தசையை இறுக்கித் தளர்த்திக்கொண்டே இருங்கள். பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு இறங்குவதற்கு முன் அரை மணி நேரம் மேலேயே உட்காருங்கள். இறங்கும்போது கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வையுங்கள்.